பேதகம் எது? புதுச்சேரியில் ஒரு சுவரின் கதை

1

பழைய கத்தோலிக்கத் தமிழில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று பதிதம். இன்னொன்று பேதகம். திருச்சபையின் போதனைக்கு மாறான கள்ளப் போதனையைக் குறிக்கும் சொற்கள் இவை. லுத்தரன்காரர்களைப் பதிதர் என்று திட்டினார்கள். தரங்கம்பாடி லுத்தரன்களை எதிர்த்து வீரமாமுனிவர் எழுதிய நூல்களில் ஒன்றின் பெயரே 'பேதகமறுத்தல்'.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் நின்று கேட்பதில்லை. பதிதன் என்றால் விழுந்தவன். எதிலிருந்து விழுந்தவன்? தர்மசாஸ்திரத்தின் மொழியில், சாதியிலிருந்து விழுந்தவன், சாதியை விட்டுத் தள்ளப்பட்டவன். ஐரோப்பாவில் நெருப்பில் வைத்துக் கொளுத்தப்பட்ட 'ஹெரெடிக்' தமிழுக்கு வந்து இறங்கியபோது, சாதி கெட்டவனுக்கு இருந்த பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டான். கள்ளப் போதனையைக் குறிக்க தமிழ்த் திருச்சபை கையிலெடுத்த சொல்லிலேயே சாதி உட்கார்ந்திருக்கிறது. பேதகத்தின் கதை வேறு. அது பேதம் என்பதிலிருந்து வந்தது. பேதம் பண்ணுவது பேதகம். இந்த அர்த்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் முதல் பேதகம் எது என்ற கேள்விக்கு வேறு ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதில் திருச்சபைக்கு வசதியானதில்லை.

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஐக்கியத்துக்காக உலகமெங்கும் ஜெபம் நடக்கிறது. அந்த மேடைகளில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் ஒலிக்கும். 'பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும்.' 'ஆனால் ஆதார விசுவாசத்தை விட்டுக்கொடுத்து வரும் ஐக்கியம் வேண்டாம்.' இரண்டும் நியாயமாகத்தான் படுகின்றன. நம் கேள்வி வேறு. ஆதாரம் எது, ஆசாரம் எது என்று பிரிக்கிற கோட்டை யார் போட்டார்கள்? போட்டபோது கோட்டின் எந்தப் பக்கத்தில் யார் நின்றுகொண்டிருந்தார்கள்? இதைப் பேச ரோமாபுரிக்குப் போகவேண்டியதில்லை. புதுச்சேரி மிஷன் வீதி போதும்.

2

1703 நவம்பரில் ஒரு முப்பத்துநான்கு வயது இத்தாலியர் புதுச்சேரியில் கப்பலிறங்கினார். பெயர் ஷார்ல் தோமா மையார் தெ தூர்னோன். சீனத்துக்கும் இந்தியாவுக்கும் பாப்பரசரின் பிரதிநிதியாக அனுப்பப்பட்டவர். அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த கௌரவப் பட்டம்: அந்தியோக்கியாவின் பிதாப்பிதா. அந்தியோக்கியா என்ற பெயரை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளட்டும், திரும்ப வருவோம்.

அவர் வந்து இறங்கிய ஊர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கடலோரம் வெள்ளையர் பட்டணம். அதற்கு மேற்கே தமிழர் பட்டணம். வெள்ளையர்களின் ஆத்துமாவைக் கப்புச்சின் சபைத் துறவிகள் கவனித்தார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களைச் சேசு சபைக்காரர்கள் வைத்திருந்தார்கள். தமிழர் பங்கு யாருக்கு என்பதில் இரண்டு சபைகளுக்கும் கடும் பகை. தங்களிடமிருந்து பங்கு பிடுங்கப்பட்டது என்பது கப்புச்சின்காரர்களின் ஆத்திரம். அவர்களில் ஒருவரான பிரான்சுவா மரி தெ தூர் அந்த ஆத்திரத்தை ரோமாபுரி வரை கொண்டுபோனார். அங்கே போய் அவர் பங்குச் சண்டையைச் சொல்லவில்லை. சேசு சபைக்காரர்கள் இந்துச் சடங்குகளைக் கிறிஸ்தவத்துக்குள் கலக்கிறார்கள், விசுவாசம் கெடுகிறது என்றார். அதிகாரத்துக்கான சண்டை போதனைக்கான சண்டையாக உடை மாற்றிக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சேசு சபைக்காரர்கள் கலந்தார்களா? கலந்தார்கள்தான். அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார்கள். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி போட்டுக்கொடுத்தது அது. பூணூல், குடுமி, சந்தனம், சாதியின் நடையுடை எல்லாம் சமூக வழக்கம், மதமல்ல. அதனால் கிறிஸ்தவனான பிறகும் வைத்துக்கொள்ளலாம். 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி நொபிலியின் கட்சியை ஏற்று, சில நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். அதே மடலில், பிறப்பின் மேன்மையை நினைத்துக் கர்வப்படுகிறவர்கள் எளிய பிறப்புள்ளவர்களைக் கோயிலுக்குள் இழிவாக நடத்த வேண்டாம் என்று கெஞ்சவும் செய்தார். ஒரே மடலில் பூணூலுக்கு அனுமதி கிடைத்தது, சமத்துவத்துக்குக் கெஞ்சல் கிடைத்தது. அடுத்த நூற்றாண்டின் கதை முழுவதும் இந்த வித்தியாசத்துக்குள் அடங்கியிருக்கிறது.

தூர்னோன் எட்டு மாதம் புதுச்சேரியில் இருந்தார். உடம்பு சரியில்லை. உள்நாட்டு மிஷன்களுக்குப் போய்ப் பார்க்கவில்லை. சேசு சபையின் பூஷே, பெர்தோல்தி ஆகிய இருவரை விசாரித்தார். 1704 ஜூன் 23 தேதியிட்டு 16 பிரிவுகள் கொண்ட ஓர் ஆணையை எழுதிப் பிறப்பித்துவிட்டு, ஜூலையில் சீனத்துக்குக் கப்பலேறிவிட்டார்.

அந்த ஆணையைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் வாழ்க்கையின் ஒரு பட்டியலாகவே வாசிக்கலாம். ஞானஸ்நானத்தில் உமிழ்நீர், உப்பு, ஊதுதல் ஆகிய சடங்குகளை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு அர்ச்சிஷ்டவர்களின் பெயரை வைக்க வேண்டும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. குழந்தை மணம் கூடாது. பெண் பெரியவளாவதைக் கொண்டாடக் கூடாது. மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் தேவதிரவிய அனுமானங்களிலிருந்தும் தள்ளி வைக்கக் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோயில்களில் வாசிக்கக் கூடாது. சாணச் சாம்பலை நெற்றியில் பூசக் கூடாது. இந்த வரிசையின் நடுவே, சத்தமில்லாமல் இன்னொன்று: நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குள்ளேயே குருமார்கள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும்.

ஏன் இந்தப் பிரிவு தேவைப்பட்டது? ஏனென்றால் அப்போது குருக்கள் அந்த வீடுகளுக்குள் போகவில்லை. செத்துக்கொண்டிருக்கிற மனுஷனைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும், அல்லது கோயிலுக்குக் கொண்டுவரவேண்டும். குருக்களில் ஏற்கனவே இரண்டு தினுசு இருந்தது. மேல்சாதிக்காரர்களுக்குச் சந்நியாசி, கீழே உள்ளவர்களுக்குப் பண்டாரசாமி. பண்டாரசாமி இருபக்கமும் பழகலாம். சந்நியாசி சேரிக்குள் காலடி வைத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவன் அவரிடம் நற்கருணை வாங்கமாட்டான்.

உமிழ்நீர் விவகாரத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். குரு தன் உமிழ்நீரைத் தொட்டு ஞானஸ்நானம் பெறுகிறவரின் காதிலும் மூக்கிலும் வைப்பது ரோமைச் சடங்கு. தமிழ்ச் சாதி ஒழுங்கில் அது எச்சில். சேசு சபைக்காரர்கள் அதை விட்டுவிட அனுமதி கேட்டார்கள். ஆக, எச்சில் தீட்டா இல்லையா என்பது ரோமாபுரியில் விசுவாசப் பிரச்சனையாக வருஷக்கணக்கில் விவாதிக்கப்பட்டது.

இங்கே நாம் அவசரப்படக் கூடாது. 'வெள்ளைக்காரன் வந்து நம்ம தாலியையும் தேங்காயையும் பிடுங்கினான், நொபிலியும் பூஷேயும் தமிழ்ப் பண்பாட்டைக் காப்பாத்தினாங்க' என்று ஒரு கதை இன்றைக்குப் பண்பாட்டுமயமாதல் பேசுகிற இறையியல்காரர்களிடம் செல்லுபடியாகிறது. யாருடைய தமிழ்ப் பண்பாடு? மாதவிலக்கான பெண்ணைக் கோயிலுக்கு வெளியே நிறுத்துவதும், சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் போக மறுப்பதும் அந்தப் பண்பாட்டுக்குள்தான் இருந்தன. அதேசமயம் தூர்னோனை விடுதலை வீரராக்கவும் முடியாது. அவருக்குத் தேங்காயும் தீண்டாமையும் ஒரே எடை. 16இல் ஒன்று, அவ்வளவே. சாதியை மூடநம்பிக்கைகளின் பட்டியலில் ஒரு வரியாக வைத்துவிட்டால், அந்த ஒரு வரியைப் பேரம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நடந்ததும் அதுதான்.

3

ஆணைக்கும் மேல்முறையீட்டுக்குமாக நாற்பது வருஷம் ஓடியது. கடைசியில் 1744 செப்டம்பர் 12 அன்று பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் வெளியிட்ட 'ஓம்னியும் சொலிசித்தூதினும்' என்ற ஆணைமடல் சண்டையை முடித்துவைத்தது. தாலி, சாம்பல் முதலியவற்றில் ரோமாபுரி இறுக்கிப் பிடித்தது. மிஷனரிகள் எல்லோரும் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்யவேண்டும். அந்தச் சத்தியத்தின் கட்டாயம் 1940 வரை நீடித்தது.

ஆனால் பறையர் வீடு? அதற்குச் சேசு சபையார் ஒரு யோசனை சொன்னார்கள்: பறையர்களுக்கென்று தனியே மிஷனரிகளை ஒதுக்கிவிடுகிறோம். பாப்பரசர் அதை மனநிறைவோடு ஏற்றுக்கொண்டார். அந்தக் காலத்து நிர்வாக மொழியில் இது ஓர் அருமையான சமரசம். யாரும் பூசையை இழக்கவில்லை, யாரும் மோட்சத்தை இழக்கவில்லை. விசுவாசப்பிரமாணத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தாலியில் இருந்த பிள்ளையாரோடு சமரசம் இல்லை என்று சொன்ன அதே மடல் சாதியோடு சமரசம் செய்துகொண்டது. ஒரே திருச்சபைக்கு இரண்டு குருக்கள் என்பது ஒழுங்குமுறை ஆனது. அதைப் பேதகம் என்று யாரும் அழைக்கவில்லை.

மறுவருஷம், 1745 அக்டோபரில், புதுச்சேரியில் வேறொன்று நடந்தது. இதற்குச் சாட்சி திருச்சபை ஆவணம் மட்டுமல்ல. கிறிஸ்தவரல்லாத, சாதி ஆசாரத்தில் ஊறிய ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் அதை எழுதிவைத்திருக்கிறார்.

செயின்ட் பால் பெயரிலிருந்து வந்ததால் சம்பாக்கோயில் என்று சனங்கள் கூப்பிட்ட கோயில் அது. இன்று மிஷன் வீதியில் நிற்கும் கட்டடம் 1791இல் முடிக்கப்பட்டது. நாம் பேசுவது அதற்கு முந்தைய, 1761இல் ஆங்கிலேயர் தகர்த்த கோயிலை. அந்தக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள். காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் தூண்டுதல் கொடுக்க, பெரிய பறச்சேரியின் சனங்கள் திரண்டு மூத்த பாதிரியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, ஆண்டவர் பேதம் பார்க்கிறாரா, நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள் என்ற பொருளில் கேட்டார்கள். பாதிரியாரால் பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் கேட்பது நியாயம் என்று ஒப்புக்கொண்டு சுவரை இடிக்கச் சொன்னார். சுவர் இடிந்தது. பறையர், சாதிக்காரர், சட்டைக்காரர், வெள்ளைக்காரர் எல்லோரும் கலந்து நின்று பூசை கண்டார்கள்.

உடனே கொந்தளிப்பு. அலங்காரமாக நகைநட்டும் மெல்லிய சேலையுமாக வந்த ஒரு முதலியார் வீட்டுப் பெண்ணைப் பாதிரியார் அவமானப்படுத்தினார் என்பது சேர்ந்துகொண்டது. பெண்ணின் உடம்பு வழியாகச் சாதியைக் கண்டிக்கலாம் என்று அந்தப் பாதிரியார் நினைத்தது தனியே விமர்சிக்கப்பட வேண்டியது. சாதிக் கிறிஸ்தவர்கள் பாதிரிகளிடம் போய்ச் சண்டை போட்டார்கள், இனிக் கோயிலுக்கு வரமாட்டோம் என்றார்கள். விஷயம் கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரை போய், கூட்டம் கூடினால் தண்டனை என்று எச்சரிக்கை வந்தது.

இந்தக் காட்சியில் நான் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன். 1704இலிருந்து 1744 வரை பெரிய படிப்பாளிகள் லத்தீனில் எழுதிக் குவித்தார்கள். ஆதாரம் எது, ஆசாரம் எது என்று நாற்பது வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அதற்கான பதிலை ஒரே கேள்வியில் சொன்னவர்கள் பறச்சேரியின் ஆட்கள். கடவுள் ஒருவர், ஞானஸ்நானம் ஒன்று, பந்தி ஒன்று என்பது உங்கள் போதனையானால் இந்தச் சுவர் எந்தப் போதனை? புதுச்சேரியில் நடந்த உண்மையான விசுவாச விவாதம் இதுதான். இதில் பேசியவர்களின் பெயர்கள் நாட்குறிப்பில் இல்லை. அவர்கள் கூட்டமாக மட்டுமே வருகிறார்கள், கூட்டமாகவே மறைகிறார்கள்.

சுவர் இடிந்த அடுத்த மாதம், நவம்பர் 1745. துய்ப்ளேக்ஸின் துபாஷியும் சாதிக் கிறிஸ்தவர்களின் தலைவருமான கனகராய முதலியார், இறந்துபோன தன் மகன் நினைவாக உழவர்கரைப் பக்கம் கட்டிய கோயிலுக்கு விழா எடுத்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டி என்று சகல சாதியாருக்கும் விருந்து. யாருக்கு யார் சமைப்பது, எங்கே வைத்துப் பரிமாறுவது என்பதில் சாதி ஆசாரத்துக்கு இம்மிப் பிசகும் வராமல் தனித்தனி ஏற்பாடு. ஆனந்தரங்கப் பிள்ளை இதையும் எழுதுகிறார். கோயில் கட்டியவர் தன் சொந்த மதத்தின் முறைப்படி நடக்கவில்லையே என்று வெளியில் நின்று பார்க்கும் ஓர் இந்துவுக்கே பட்டிருக்கிறது. பாதிரிகளுக்குப் படவில்லை.

இன்னும் மூன்று வருஷம் கழித்து, 1748இல், பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அயலாரின் கோயிலை இடிக்கத் துணிந்த விசுவாசம், தன் கோயிலுக்குள் இருந்த சுவரைத் தொட்டபோது மட்டும் நடுங்கியது.

4

கத்தோலிக்கர்களின் கதை மட்டும்தானா இது என்று சிலர் கேட்கலாம். சீர்திருத்தச் சபைகள் இதிலிருந்து தப்பவில்லை. காரைக்காலுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய டேனிஷ் துறைமுகம். அங்கிருந்து வந்த லுத்தரன் உபதேசத்தை எதிர்த்துத்தான் வீரமாமுனிவர் மறுப்பு நூல்களை எழுதினார். இரண்டு தரப்புக்கும் எத்தனையோ விஷயத்தில் ஜென்மப்பகை. அந்தப் பகையின் நடுவே ராஜநாயக்கன் என்பவரின் வாழ்க்கை இருக்கிறது.

அவர் பறையர். பிறப்பால் கத்தோலிக்கர், தஞ்சாவூர்ப் படையில் வேலை. 1720களின் பிற்பகுதியில் தமிழில் அச்சான வேதபுத்தகத்தை வாசித்து, கத்தோலிக்கத்தை விட்டு லுத்தரன் சபைக்கு வந்தார். கத்தோலிக்கரின் கணக்கில் பதிதரானார், லுத்தரன்களின் கணக்கில் சத்தியத்தைக் கண்டடைந்தார். தஞ்சாவூர்ப் பகுதியில் லுத்தரன் சபை வேர்விட்டதற்கு உபதேசியாரான அவருடைய உழைப்பு முக்கியக் காரணம். அவரைக் குருவாக அபிஷேகம் பண்ணலாமா என்ற பேச்சு வந்தது. மிஷனரிகள் தயங்கினார்கள். பறையரின் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு நற்கருணையின்மேலேயே மரியாதை குறைந்துவிடும் என்பது காரணம். 1733இல் முதல் தமிழ் லுத்தரன் குருவான ஆரோன் வேளாளர். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

ராஜநாயக்கன் ரோமுக்கும் விட்டன்பர்க்குக்கும் நடுவிலிருந்த எல்லையைத் தாண்டினார். அந்த எல்லைக்காக ஐரோப்பாவில் முப்பது வருஷம் யுத்தம் நடந்திருக்கிறது. அவர் ஒரு புத்தகத்தை வாசித்தே அதைத் தாண்டிவிட்டார். சாதி எல்லையை மட்டும் அவரால் தாண்ட முடியவில்லை. போதனையில் ஒருவரையொருவர் சபித்துக்கொண்ட இரண்டு சபைகளும் இந்த ஓர் இடத்தில் ஐக்கியமாக இருந்தன. தமிழ் மண்ணின் முதல் கிறிஸ்தவ ஐக்கியம் இதுதான் என்று கசப்போடு சொல்லிக்கொள்ளலாம்.

பிற்பாடு மாற்றம் வரவேயில்லை என்பதல்ல. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக, முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றுமடல் விட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து வெளியேறினார்கள். எதிர்த்தவர்களில் பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரும் இருந்தார். வெளியேறியவர்களில் பலருக்குச் சாதியோடு இணக்கமாகப் போன லைப்சிக் லுத்தரன் மிஷன் பிறகு இடம் கொடுத்தது. சபை மாற்றம் போதனையால் நடந்ததாகப் பதிவேட்டில் இருக்கும். பந்தியால் நடந்தது. தெற்கே வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கட்டக் கேட்ட வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

1919இல் இதே தரங்கம்பாடியில் பேராயர் அசரியா முதலானோர் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். வேதாகமம், அப்போஸ்தல – நிசேயா விசுவாசப்பிரமாணங்கள், இரண்டு சாக்கிரமந்துகள், பேராயத்துவம் என்று நான்கு அஸ்திவாரம் வைத்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் சி.எஸ்.ஐ. பிறந்தது. மேலைநாட்டுப் பிரிவினைகளை இங்கே ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு நடந்த அந்த ஐக்கியம் சாதாரண சாதனையல்ல. ஆனால் நான்கு அஸ்திவாரத்தில் ஐந்தாவதாக ஒன்று வைக்கப்படவில்லை. பேராயத்துவம் அடிப்படை என்றால், ஒரே கல்லறை ஏன் அடிப்படை இல்லை?

5

'சாதி பாவம்னு சொல்லுங்க, ஒத்துக்கறோம். அதைப் போய் பேதகம்னு ஏன் சொல்லணும்?' இப்படிக் கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். பாவத்துக்கும் பேதகத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. பாவம் தனிமனிதனின் தோல்வி, பாவசங்கீர்த்தனம் செய்து மீளலாம். பேதகம் என்பது சத்தியத்தையே மாற்றிச் சொல்வது. அதை வைத்துக்கொண்டு சபையாக இருக்க முடியாது.

இந்த வித்தியாசத்துக்கு வேதாகமமே இடம் கொடுக்கிறது. 'ஹெரெஸி' என்ற சொல்லின் கிரேக்க மூலம் 'ஹைரெசிஸ்'. தெரிவு, கட்சி என்பது பொருள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. எதைப் பற்றிப் பேசும்போது? ஆண்டவரின் பந்தியில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்ன, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்களே, அதைப் பற்றி. திரித்துவம் பற்றியோ கிறிஸ்துவின் சுபாவம் பற்றியோ அல்ல. கிறிஸ்தவ எழுத்தில் மிகப் பழையவை பவுலின் நிருபங்கள். அங்கே இந்தச் சொல் தனித்தனியாகச் சாப்பிட்டதைக் குறித்து நிற்கிறது.

அந்தியோக்கியாவுக்குத் திரும்புவோம். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம். அந்தியோக்கியாவில் பேதுரு புறசாதியாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை எதிர்த்தார். பந்தியிலிருந்து விலகியதை நாகரிகக் குறைவாக அவர் பார்க்கவில்லை, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு மாறான நடத்தை என்று பார்த்தார். தூர்னோன் தரித்திருந்த பட்டம் இந்த அந்தியோக்கியாவின் பட்டம். பேதுருவின் வாரிசாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பாப்பரசர் 1744இல் செய்தது அந்தியோக்கியாவில் பேதுரு செய்ததைத்தான். எதிர்த்துக் கேட்ட பவுலின் இடத்தில் நின்றவர்கள் பெரிய பறச்சேரியின் சனங்கள்.

உலகத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய விசுவாசப் பிரகடனச் சபையார், ஹிட்லருக்கு இசைந்துபோன 'ஜெர்மன் கிறிஸ்தவர்'களின் போதனையைக் கள்ளப் போதனை என்று நிராகரித்தார்கள். 1982இல் ஓட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறி ஆட்சிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது ஹெரெஸி என்றே அறிவித்தது. தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் சபைகள் இரண்டின் உறுப்புரிமை நிறுத்திவைக்கப்பட்டது. ஐக்கியத்தை விட்டுக்கொடுத்து விசுவாசத்தைக் காத்த காரியம் அது. அங்கேயும் நிறப்பிரிவினையின் தொடக்கம் தனிப் பந்திதான். 1857இல் டச்சுச் சீர்திருத்தச் சபை, 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டு வெள்ளையருக்குத் தனி நற்கருணையை அனுமதித்தது. தரங்கம்பாடி மிஷனரிகள் ராஜநாயக்கனைப் பற்றிச் சொன்ன அதே நியாயம்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. ஹெரெஸி என்ற சொல்லில் நெருப்பின் வாடை இருக்கிறது. கோவாவின் புனித விசாரணை மன்றம் அந்தச் சொல்லை வைத்து மனிதர்களை வதைத்திருக்கிறது. அதிகாரம் மேலிருந்து கீழே வீசும் சொல் அது. கீழிருந்து மேலே வீசினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. சுட்டெரிக்க யாருக்கும் அதிகாரம் இல்லாத இடத்திலிருந்து, 'நீங்கள் நம்புவதாகச் சொல்வதை நீங்கள் நம்பவில்லை' என்று சொல்வதற்கு அந்தச் சொல்லைத் திருப்பிப் பிடிக்கலாம்.

6

புதுச்சேரி – கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள் இருக்கிறது எறையூர். அங்கே 2008இல் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று போராடினார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். மார்ச் 9 அன்று தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தார்கள்.

1745இல் சுவரை இடி என்று கேட்டார்கள். 2008இல் எங்களைத் தனியே விடு என்று கேட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் முரண். முதலாவது ஐக்கியக் கோரிக்கை, இரண்டாவது பிரிவினைக் கோரிக்கை. இரண்டிலும் கேட்கப்பட்டது ஒன்றேதான்: மானம். இரண்டு தடவையும் எதிர்த்து நின்றவர்களும் சாதிக் கிறிஸ்தவர்களே. சுவர் இடிந்தால் கோயிலுக்கு வரமாட்டோம் என்றவர்களின் வாரிசுகள், பங்கு பிரியக் கூடாது என்றார்கள். ஐக்கியம் என்ற சொல் யார் வாயில் இருக்கிறது என்று பார்க்காமல் அதற்கு ஆமென் சொல்லக் கூடாது என்பதற்கு எறையூர் சாட்சி.

மேலிடத்திலிருந்து நல்ல வார்த்தைகள் வராமலில்லை. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களிடம் பேசிய பாப்பரசர் 2ஆம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட மெய்யான ஆன்மிகத்துக்கு ஆபத்து என்றார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். எல்லாம் சரி. கொள்கை அறிக்கையும் விசுவாசப்பிரமாணமும் ஒன்றாகாது. அறிக்கையைக் கடைப்பிடிக்காத பங்குக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மரியாளின் கன்னிமையை மறுக்கிற பங்குக்கு?

அரசும் இந்த விளையாட்டில் கலந்துகொள்கிறது. புதுச்சேரிக்கான 1964ஆம் வருஷத்து அட்டவணைச் சாதிகள் ஆணையும், கிறிஸ்தவரானவரை அட்டவணைச் சாதியாக ஏற்காது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது வாதம். 2024 நவம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து கோயிலுக்குப் போகிறவர், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று தீர்ப்பளித்தது. ஒருவருடைய உண்மையான விசுவாசம் எது என்று தீர்மானிக்கும் வேலையை 1704இல் பாப்பரசரின் பிரதிநிதி செய்தார். இன்று நீதிமன்றம் செய்கிறது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்ற போதனையை அரசு நடப்புண்மையாக எடுத்துக்கொள்கிறது. சாதி என்ற நடப்புண்மையை வைத்துக்கொண்டிருக்கும் திருச்சபை அதைப் போதனையில் காட்டுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நசுங்குகிறவர் ஒரே ஆள்தான்.

ஐக்கியம் பேசும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் எளியது. அடுத்த முறை மேடையில் கூடும்போது திரித்துவம், வேதாகமம், சாக்கிரமந்து என்று ஆதார விசுவாசங்களை எண்ணுங்கள், எண்ணிவிட்டு இன்னும் நான்கு கேள்வி கேளுங்கள். உங்கள் கல்லறையில் எத்தனை வாசல்? திருவிழாத் தேர் எந்தத் தெருவரைக்கும் போகும்? பூசைக்குதவும் பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைகள்? உங்கள் குருவை எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ஏற்பீர்களா? இந்தக் கேள்விகளில் தேறாத சபை, விசுவாசப்பிரமாணத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாலும், பழைய தமிழில் அதற்குப் பெயர் ஏற்கனவே இருக்கிறது. வீரமாமுனிவர் அதைத் தரங்கம்பாடிக்காரர்களுக்கு எழுதிவைத்தார். பறச்சேரியிலிருந்து சம்பாக்கோயிலுக்கு நடந்துபோனவர்கள் 1745இலேயே அதை உரிய விலாசத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை.